ஆங்கிலம் பேசப் பழக எந்த விளையாட்டு, எப்படி ஆட வைப்பது?

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு மாலை நேரப் படிப்பு மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 18 பிள்ளைகள் வருகிறார்கள். பாடப்புத்தக ஆங்கிலத்தை வாசிக்கிறார்கள், பார்த்து எழுதுகிறார்கள், பேசச் சொன்னால் வாயடைத்துப் போகிறார்கள். ஒரு ஸ்கிராபிள் பெட்டி நன்கொடையாக வந்திருக்கிறது. அதை வைத்துத் தொடங்கலாமா? வேறு எந்த விளையாட்டுகள் உதவும்? கையில் 500 ரூபாய்தான் இருக்கிறது.

பதில்:

ஸ்கிராபிளை இப்போதைக்கு அலமாரியில் வையுங்கள். அருமையான விளையாட்டுதான். ஆனால் உங்கள் பிள்ளைகளுக்குக் குறைவது பேச்சுப் பழக்கம், ஸ்கிராபிளோ எழுத்துக்கூட்டும் விளையாட்டு. ஒரு வார்த்தை பேசாமல் முழு ஆட்டத்தையும் ஆடி ஜெயித்துவிடலாம். நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிளில் உலகப் பட்டம் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. ஆட்டத்துக்குச் செல்லுபடியாகும் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு போய் வென்றவர். எழுத்துகளை அடுக்கும் திறமையும் பேசும் திறமையும் எவ்வளவு விலகி நிற்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே எந்த விளையாட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: வாயைத் திறக்காமல் இதில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அது பேச்சுப் பயிற்சிக்கு உதவாது. பேசித்தான் ஆக வேண்டும் என்ற நிலை எப்போது வரும்? என்னிடம் இல்லாத ஒரு தகவல் உங்களிடம் இருக்க வேண்டும், அதை நான் பார்க்க முடியக் கூடாது, அது தெரியாமல் என் ஆட்டம் நகரவும் கூடாது. இந்த மூன்றும் கூடினால் கூச்சப்படுகிற பிள்ளையும் கேட்டே தீரும்.

அடுத்தது, பேசக் கிடைக்கிற நேரம். 40 நிமிட வகுப்பில் 18 பேரை ஒவ்வொருவராக எழுப்பிப் பேச வைத்தால் ஆளுக்கு இரண்டு நிமிடம் சொச்சம்தான் கிடைக்கும். அதே 18 பேர் ஒன்பது ஜோடிகளாக 20 நிமிடம் ஆடினால் ஆளுக்குப் பத்து நிமிடம். எனவே ஜோடி ஆட்டம்தான் முதல் தேர்வு, மூவர் ஆட்டம் அதற்கடுத்து. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே பகடையை உருட்டும் ஆட்டத்தில் ஐந்து பேர் எப்போதும் சும்மா இருப்பார்கள், சும்மா இருக்கிறவர்கள் பேசுவது தமிழில்தான் இருக்கும். ஒன்பது ஜோடி ஒரே நேரத்தில் பேசினால் அறை சந்தைக்கடை மாதிரி ஆகும். ஆகட்டும், அடக்க வேண்டாம்.

தொடங்குவதற்கு நான் சொல்வது 'ஆள் யார்?' ஆட்டம். கடையில் 'கெஸ் ஹூ' என்ற பெயரில் விற்பதன் வீட்டுத் தயாரிப்பு. ஒரு ஏ4 தாளைப் படுக்கை வாட்டத்தில் வைத்து, வரிசைக்கு ஆறு முகமாக நான்கு வரிசை, மொத்தம் 24 முகம் வரையுங்கள். கட்டம் ஒன்றுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் கிடைக்கும். ஓவியம் அழகாக இருக்க வேண்டியதில்லை, அடையாளம் தெளிவாகத் தெரிந்தால் போதும். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஒரு பெயர். அதை 18 பிரதி ஜெராக்ஸ் எடுத்து, ஃபைலில் போடும் பிளாஸ்டிக் உறைகளுக்குள் செருகிவிடுங்கள். 24 பெயர்களையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்து மறைத்துக்கொள்ள வேண்டும். எதிராளி கையிலிருக்கும் ஆள் யார் என்று ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை மாறி மாறிக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லை என்று ஆன முகங்களைப் புளியங்கொட்டையால் மூடிக்கொண்டே போகலாம்.

வரைவதற்கு முன்னால் ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். கீழ்நோக்கி 24 பெயர், குறுக்கே எட்டு அடையாளம். ஆண் 12, பெண் 12. கண்ணாடி போட்டவர் 8, ஸ்வெட்டர் 8, குடை 7, தலையில் துணி கட்டியவர் 6, முதுகில் தேயிலைக் கூடை 6, வயதானவர் 7, சிரிப்பவர் 8. எந்த இரண்டு வரிசையும் ஒரே மாதிரி வந்துவிடக் கூடாது. பாதிக்குப் பாதி பிரிகிற அடையாளங்களாகவே வைத்துவிட்டால் 24, 12, 6, 3 என்று ஐந்தே கேள்வியில் ஆட்டம் முடிந்துவிடும். நமக்கு வேண்டியது வேகமான முடிவல்ல, நிறையக் கேள்விகள். ஆகவே ஆண், பெண் தவிர மற்றவை மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாக இருக்கட்டும். அதே நேரம் ஒரே ஆளுக்கு மட்டும் இருக்கிற அடையாளம் வேண்டாம். அதை யாரும் கேட்க மாட்டார்கள், அந்தச் சொல் பழக்கத்துக்கே வராது.

இந்த ஆட்டத்தில் பிள்ளைகள் தடுமாறும் இடம் முன்கூட்டியே தெரிந்த ஒன்று. மூன்று வகைக் கேள்விகள் கலந்து வரும்: 'இஸ் ஷீ ஓல்ட்?', 'இஸ் ஷீ வியரிங் எ ஸ்வெட்டர்?', 'டஸ் ஷீ ஹேவ் அன் அம்ப்ரெல்லா?'. பத்தில் எட்டுப் பிள்ளைகள் இதைக் கலந்து 'இஸ் ஷீ ஹேவ் அம்ப்ரெல்லா?' என்பார்கள், இல்லையென்றால் 'ஷீ ஹேவ் அம்ப்ரெல்லாவா?' என்று தமிழ் ஆகாரத்தை ஒட்டிவிடுவார்கள். மூன்றையும் ஒரே நாளில் அவிழ்த்துவிட்டால் மூன்றும் குழம்பும். முதல் வாரம் 'இஸ் ஷீ', 'இஸ் ஹீ' என்று தொடங்கும் இரண்டு வகை மட்டும் ஆடட்டும். ஸ்வெட்டர், கண்ணாடி, தலைத்துணி எல்லாம் 'வியரிங்' வகையில் அடங்கிவிடும். இரண்டாம் வாரம் 'டஸ்' வகையை மட்டும் தனியாக ஆட வையுங்கள். குடை, கூடை. மூன்றாம் வாரம்தான் கலப்பு. ஒவ்வொரு வகையையும் ஒவ்வொரு நிறத்தில் எழுதிச் சுவரில் மாட்டினால், தடுமாறும் பிள்ளை திரும்பி ஒரு பார்வை பார்த்துக்கொள்ளும்.

முதல் கேள்வியை மட்டும் நீங்களே நிர்ணயித்துவிடுங்கள்: 'இஸ் இட் எ வுமன்?'. அதற்குப் பிறகுதான் 'ஹீ', 'ஷீ' எது என்று தெரியும். அவர் என்ற ஒரே சொல்லில் ஆணையும் பெண்ணையும் சொல்லிப் பழகிய நாக்கு இதில்தான் அதிகம் வழுக்கும். அந்த வழுக்கல் இங்கே ஆட்டத்தையே பாதிக்கும், எதிராளி உடனே குழம்புவார், கேட்டவரே திருத்திக்கொள்வார். பதிலிலும் 'யெஸ்', 'நோ' மட்டும் போதாது. 'யெஸ், ஷீ இஸ்', 'நோ, ஹீ டஸின்ட்' வரை சொல்லியாக வேண்டும். தவறான கேள்வி வந்தால் எதிராளி 'சாரி?' என்று மட்டும் சொல்வார், கேட்டவர் மறுபடி முயலலாம். முறை பறிபோகும் என்று விதி வைக்காதீர்கள். அப்படி வைத்தால் தெரிந்த ஒரே கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டு ஒப்பேற்றுவார்கள்.

இரண்டாவது ஆட்டத்துக்கு உங்கள் மாவட்டமே பொருள் தருகிறது. மலை ரயில் பாதையின் நிலையங்களை மேட்டுப்பாளையத்திலிருந்து வரிசையாக எழுதுங்கள்: கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி, குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம். மேட்டுப்பாளையத்தையும் சேர்த்து 12 பெயர். இரண்டு தாள் தயாரியுங்கள். முதல் தாளில் ஆறு நிலையங்களுக்கு மட்டும் நேரம் இருக்கும், இரண்டாம் தாளில் மற்ற ஆறுக்கு. நேரங்களை நீங்களே கற்பனையாகப் போட்டுக்கொள்ளலாம். 'வாட் டைம் டஸ் த டிரெயின் ரீச் கேத்தி?' என்று கேட்டு, 'இட் ரீச்சஸ் கேத்தி அட் டென் ஃபார்ட்டி' என்ற பதிலை வாங்கி, காலிக் கட்டத்தை நிரப்ப வேண்டும். கடைசியில் இரண்டு தாளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் யார் சரியாகக் கேட்டார், யார் சரியாகச் சொன்னார் என்று தெரிந்துவிடும்.

நிமிடங்களில் வேண்டுமென்றே 13, 30, 15, 50, 14, 40 ஆகியவற்றைப் போடுங்கள். 'தர்ட்டீன்' என்பதும் 'தர்ட்டி' என்பதும் காதில் ஒன்றாக விழும், அங்கேதான் பிழை வரும், அந்தப் பிழைதான் பாடம். 'டீன்' என்று முடிவதை நீட்டி அழுத்தவும் 'ட்டி' என்பதைச் சட்டென்று விடவும் கற்றுக்கொடுத்த பிறகு இரண்டாம் சுற்று ஆட வையுங்கள். தாளை எட்டிப் பார்ப்பது இந்த ஆட்டத்தின் நிரந்தரத் தொல்லை. நடுவில் புத்தகப் பையை நிறுத்தி வைப்பதைவிட, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வைப்பது மேல். முகம் தெரியாதபோது குரல் தானாக உயரும், 'குட் யூ ரிபீட் தட், ப்ளீஸ்?' என்பதற்கும் உண்மையான தேவை வரும்.

பழகிய பிறகு ஒரு சீட்டுக்கட்டைச் சேருங்கள். 'தேர் இஸ் எ லேண்ட்ஸ்லைட் அட் ஹில்குரோவ்' என்று ஒரு சீட்டு வந்தால், அதற்கு மேலுள்ள நிலையங்களின் நேரம் எல்லாம் அரை மணி தள்ளிப்போகும், இருவரும் கேட்டுக் கேட்டு மாற்றி எழுத வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து குன்னூருக்குக் கீழே ரயில் நிற்பது பிள்ளைகள் அறிந்த விஷயம், விளக்க வேண்டியிருக்காது.

பரமபதம் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும் என்பதால் பலரும் அதில்தான் தொடங்குவார்கள். கட்டத்துக்குக் கட்டம் கேள்வி எழுதிவைத்து ஆடுவது பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அதில் வெற்றியைத் தீர்மானிப்பது பகடைதான், பேச்சு அதன்மேல் ஒட்டவைத்தது. ஆடித்தான் ஆக வேண்டும் என்றால் மூவருக்கு ஒரு பலகை, ஏணியடியில் நிற்பவர் அதற்குரிய படத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னால் மட்டுமே ஏறலாம், பாம்பு வாயில் விழுந்தவர் நேற்று நடந்த ஒன்றைச் சொன்னால் பாதி தூரம் மட்டும் இறங்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு, எட்டாம் வகுப்பு ஓரளவு துணிந்ததும் 'சொல்லக்கூடாத சொல்' ஆட்டத்துக்குப் போகலாம். கடையில் 'டபூ' என்று கிடைக்கும் பெட்டியில் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சொல்லும், அதை விளக்கும்போது சொல்லக்கூடாத ஐந்து சொற்களும் இருக்கும். பழகுபவருக்கு ஐந்து என்பது கொடுமை, இரண்டு போதும். மணல் கடிகாரமும் வேண்டாம். அவசரப்படுத்தினால் முதலில் ஓடிப்போவது ஆங்கிலம்தான். மூவர் ஆடட்டும்: ஒருவர் விளக்க, ஒருவர் கண்டுபிடிக்க, மூன்றாமவர் சீட்டைப் பார்த்துக் காவல் இருக்க வேண்டும். சொற்களை அவர்கள் வாழும் இடத்திலிருந்து எடுங்கள்: அட்டைப் பூச்சி, கம்பளி, உறைபனி, காட்டெருமை, கேரட், ரேஷன் கடை, பஸ் கண்டக்டர். 'லீச்' என்ற சொல்லுக்கு 'பிளட்', 'ரெயின்' இரண்டும் தடை. ஈரப்புல்லில் நடந்தால் காலில் ஏறும் சிறிய பிராணி என்று ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் எப்படியோ சொல்லி முடித்தால், இலக்கணம் தடுமாறினாலும் அன்றைக்குப் பெரிய காரியம் நடந்திருக்கிறது. முன்னதாக மூன்று தொடக்கங்களை மட்டும் பழக்கிவிடுங்கள்: 'இட் இஸ் எ திங் யூ யூஸ் டு', 'இட் இஸ் எ பிளேஸ் வேர் யூ', 'இட் இஸ் எ பர்சன் ஹூ'. இவை இல்லாமல் ஆட விட்டால் கையால் சைகை காட்டுவார்கள். விளக்குபவர் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்தே இருக்க வேண்டும் என்று விதி வைத்தால் சைகை நின்றுவிடும்.

இதுவரை சொன்னது ஆட்டத்துக்குள் இருக்கும் ஆங்கிலம். ஆட்டத்தைச் சுற்றி இருக்கும் ஆங்கிலம் அதைவிடப் பெரிய சொத்து, அதைத்தான் பெரும்பாலும் தவற விடுகிறார்கள். 'இட்ஸ் யுவர் டர்ன்', 'ஹூஸ் நெக்ஸ்ட்?', 'பாஸ் மீ த டைஸ்', 'வெயிட், ஐ'ம் நாட் ரெடி', 'தட்ஸ் நாட் ஃபேர்', 'யூ ஸா மை கார்ட்!', 'லெட்ஸ் பிளே அகெய்ன்'. பிள்ளைகள் சண்டை போடுவதும் சிரிப்பதும் இந்த வாக்கியங்களில்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் ஐந்து நிமிடம் ஒதுக்கி இரண்டிரண்டாகச் சொல்லிக்கொடுங்கள். இவற்றைப் பயன்படுத்தியவருக்கு ஒரு கொட்டை கூடுதல். மூன்று வாரத்தில் கொட்டை கொடுக்காமலே வாயில் வரும்.

தமிழில் பேசினால் அபராதம் என்ற விதியை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. உங்கள் பக்கம் ஒரே பாயில் படுகு பேசும் வீட்டுப் பிள்ளையும், இலங்கையிலிருந்து 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பிய குடும்பத்துப் பிள்ளையும், இருளர், குறும்பர் ஊர்ப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கக்கூடும். கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள். அவர்களில் பலருக்குப் பள்ளித் தமிழே இரண்டாம் மொழி, ஆங்கிலம் மூன்றாவது. வீட்டு மொழிக்காக ஒருமுறை தலைகுனிந்த பிள்ளை அதற்குப் பிறகு எந்த மொழியிலும் வாய் திறக்காது. விதிகளைத் தமிழிலேயே விளக்குங்கள். விளக்கத்தைவிட, இரண்டு பிள்ளைகளை நடுவில் உட்கார வைத்துச் சீட்டுகளைத் திறந்து காட்டி ஒரு ஆட்டம் ஆடிக்காட்டினால் மொழி எதுவானாலும் எல்லோருக்கும் புரியும்.

ஆட்டம் நடக்கும்போது திருத்தவும் வேண்டாம். ஒரு தாளோடு ஜோடி ஜோடியாகச் சுற்றி வந்து காதில் விழும் பிழைகளைக் குறித்துக்கொள்ளுங்கள், யார் சொன்னது என்று எழுத வேண்டாம். 45 நிமிடம் இருந்தால் ஐந்து நிமிடம் வாக்கியப் பயிற்சி, ஐந்து நிமிடம் ஆடிக்காட்டல், 20 நிமிடம் ஆட்டம், பிறகு ஐந்து நிமிடத்தில் மூன்றே மூன்று பிழைகளைப் பலகையில் எழுதிப் பிள்ளைகளையே திருத்தச் சொல்லுங்கள். மீதி பத்து நிமிடம் ஜோடியை மாற்றி அதே ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டும். இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். திருத்தியது நாக்கில் தங்குவது அப்போதுதான். வாரத்துக்கு ஒரு புது விளையாட்டு என்று ஓடுவதைவிட ஒரே ஆட்டத்தைச் சொற்களை மட்டும் மாற்றி மூன்று வாரம் ஆடுவதே பலன் தரும். விதிகள் பழகிவிட்டால் கவனம் முழுவதும் பேச்சுக்கு வந்துவிடும்.

ஜோடி சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். மிக நன்றாகப் பேசும் பிள்ளையை மிகவும் தயங்கும் பிள்ளையோடு சேர்த்தால் ஒருவரே பேசி முடித்துவிடுவார். நடுத்தரத்தை இரு பக்கமும் பிரித்துச் சேருங்கள். யாராவது வராமல் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் மூன்றாமவரை நடுவராக்காமல், இருவர் ஓரணியாகக் கூடிப் பேசிக் கேள்வி கேட்கட்டும்.

இரண்டு மாதம் போன பிறகு ஸ்கிராபிளை எடுக்கலாம், மாற்றிய விதிகளோடு. 100 வில்லைகளில் ஜே, க்யூ, எக்ஸ், இஸட் ஒவ்வொன்றும், வி இரண்டும் எடுத்துவிட்டால் 94 மிஞ்சும், முட்டுக்கட்டை குறையும். இருவர் ஓரணி, நான்கு அணி. மற்ற பிள்ளைகள் அந்த நேரம் வேறு ஆட்டம் ஆடட்டும். அணிக்குள் எந்தச் சொல்லை வைக்கலாம் என்று ஆங்கிலத்தில் பேசி முடிவெடுக்க வேண்டும். சொல்லை வைத்ததும் அதைக் கொண்டு ஒரு வாக்கியம் சொன்னால்தான் மதிப்பெண். வில்லைக்கு ஒரு புள்ளி, வாக்கியத்துக்கு இரண்டு என்று எளிமையாக்குங்கள். அகராதி நடுவில் திறந்தே இருக்கட்டும். ஒரு சொல்லின் முடிவில் எஸ் சேர்த்தால், அது பன்மையா, 'ஷீ ரன்ஸ்' போன்ற வினையா என்று வாக்கியத்தில் காட்ட வேண்டும்.

பொருள்களைப் பற்றி: மலைச் சாரலில் காகிதம் ஒரு வாரத்தில் நமுத்து வளைந்துவிடும். கோத்தகிரியில் அக்டோபர், நவம்பர் மழையில் இது கண்கூடு. சீட்டுகளுக்குக் கெட்டி அட்டை வாங்கி ஏ4 அளவில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது துண்டு போடுங்கள். ஒவ்வொன்றும் 7 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம் வரும். 36 சீட்டுக்கு நான்கு அட்டை. முழு அட்டையை லேமினேட் செய்துவிட்டு வெட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வெட்டிய ஓரம் திறந்திருக்கும், ஈரம் அதன் வழியே ஏறி உள்ளே படலம் பிரியும். முதலில் வெட்டி, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் படலம் மிஞ்சும்படி லேமினேட் செய்யுங்கள், மூலைகளை வட்டமாக நறுக்குங்கள். கைமாறும் சீட்டுகளுக்கு மட்டும் இந்தச் செலவு, மற்றவற்றுக்குப் பிளாஸ்டிக் உறை போதும். ஸ்கெட்ச் பேனா மை ஈரத்தில் பரவும், பெர்மனன்ட் மார்க்கரோ பால்பாயின்ட் பேனாவோ பயன்படுத்துங்கள்.

பகடையை ஒரு துண்டு விரித்த எவர்சில்வர் தட்டில் உருட்டச் சொல்லுங்கள், சத்தமும் குறையும், பெஞ்சுக்கடியில் தேடவும் வேண்டாம். பகடை இல்லையென்றால் ஆறு சோழி போதும். 'ஆள் யார்?' ஆட்டத்துக்கு ஆளுக்கு 24 என்று 432 புளியங்கொட்டை வேண்டும். வண்டு துளைக்காமலிருக்க வாணலியில் லேசாக வறுத்து ஆறவைத்துப் போடுங்கள். எல்லாவற்றையும் இறுக்கமாக மூடும் டப்பாக்களில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சும் பொட்டலம் ஒன்றிரண்டு சேர்த்து வையுங்கள். மூடியில் உள்ளே எத்தனை சீட்டு என்று எழுதி, ஆடி முடித்ததும் பிள்ளைகளையே ஆங்கிலத்தில் எண்ணி அடுக்கச் சொல்லுங்கள். லேமினேட் செய்யும் அன்றே ஒவ்வொரு கட்டுக்கும் எழுதாத வெற்றுச் சீட்டு நான்கு சேர்த்துச் செய்து வைத்துக்கொண்டால், தொலைந்ததன் இடத்தில் மார்க்கரால் எழுதி அன்றைக்கே ஆட்டத்தைத் தொடரலாம்.